குரல் நடுவில் நிற்க வேண்டும்

ஸ்பீக்கர்காரர் தன் காதை நம்பி ஒரு பெட்டியைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. மனைவியின் காதை நம்பித்தான் கொடுத்தார். கடைத்தெருவில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். கை என்னுடையது, காது வீட்டுக்காரியுடையது, இதில் என்ன குறைச்சல் என்று கேட்டிருப்பார்.

கடை, ஒரு ஆள் படுத்தால் கால் இடிக்கும் அகலம். ஒரு பக்கம் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை, மறுபக்கம் சலவைக் கடை, எதிரே பஸ் நிறுத்தம். நாலு தடவை வீடு மாறியும் தூக்கிப்போட மனம் வராத பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் அங்கே வந்து சேரும். சத்தம் மங்கியது, ஒரு பக்கம் ஊமையானது, கரகரப்பது என்று எல்லாம் வரும். அவர் திருகாணி திருகாணியாகக் கழற்றுவார். பெரும்பாலும் கோளாறு ஸ்பீக்கரில் இருக்காது. பெட்டிக்குள் ஒரு சின்னப் பலகையில் இருக்கும். அதற்குப் பெயர் கிராஸ்ஓவர். கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூரிய ஒலியைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. காயில் எனும் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, இரண்டு மூன்று கண்டன்சர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். வயதானால் கண்டன்சர் உள்ளுக்குள் காய்ந்துவிடும். ஈயம் வைத்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் விண்டுவிடும்.

"ஆள் பாக்க வாட்டசாட்டமா இருக்காரு. வயித்துக்குள்ளதான் பிரச்சனை" என்று பெட்டியைத் தட்டிக்கொண்டே வாடிக்கையாளரிடம் சொல்வார்.

பழுது பார்த்த பெட்டிகளைக் கடையில் ஒவ்வொன்றாகத்தான் ஓடவிட முடியும். இரண்டையும் எட்ட எட்ட வைக்க இடமில்லை. இருந்தாலும் பஸ் இரைச்சல் கேட்க விடாது. அதனால் கடைசிச் சோதனை எப்போதும் வீட்டு முன்னறையில். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து அலமாரியில் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். பிளக் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து சுவரோரமாகக் கம்பி போகும். பெட்டிகளுக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் அவர் உட்கார மாட்டார். அவர் மனைவி உட்காருவாள்.

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப் பிரதியில் கண்ணை ஓட்டுவது அந்த வேலை. வருஷக்கணக்கில் வாசிக்கிற குரலைக் கேட்டுக் கேட்டு அவளுடைய காது பழகிவிட்டது. கண்டன்சர் என்றால் என்ன, காயில் என்றால் என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மடியில் கிழிந்த துணியோ உரிக்க வேண்டிய பட்டாணியோ இருக்கும். பாட்டு ஓடும். பாதியில் தலையைத் தூக்காமல் சொல்வாள்.

"இடது பக்கத்துக்கு ஜலதோஷம்."

"ஜலதோஷம்னா?"

"மூக்கடைச்சுப் பாடுது."

அவர் இடது பெட்டியைத் திறப்பார். கண்டன்சர் ஒன்று அளவு தவறியிருக்கும்.

இன்னொரு நாள், "டிரம் அடிக்கறவன் பக்கத்து வீட்டுல உக்காந்து அடிக்கறான்" என்றாள்.

"எவ்வளவு தள்ளின்னு சொல்லேன். ஓம்ஸ்ல சொன்னா எனக்கு வசதியா இருக்கும்."

"ஓம்ஸ் உங்க பாடு. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கூட்டிட்டு வாங்க."

அச்சகத்தில் தப்புக்குத்தான் குறி உண்டு. சரியாக இருக்கும் வரிக்கு யாரும் குறி போடுவதில்லை. வீட்டிலும் அவளுக்கு அதே வழக்கம். 'நன்றாக இருக்கிறது' என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பாட்டு முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் பெட்டி தேறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள். நடந்து வரவில்லை.

உறவுக்காரர்கள் வந்தார்கள். உட்கார இடம் வேண்டுமென்று முன்னறையில் இருந்த அவருடைய சொந்தப் பெட்டிகளை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். நாற்காலியை ஒருவர் மாற்றி ஒருவர் இழுத்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகக் கிளம்பியது மகள். தூரத்து ஊரில் ஒரு மின்நிலையத்தில் பொறியாளர், விடுப்பு முடிந்துவிட்டது.

"என்கூட வந்துடுங்கப்பா" என்றாள் வாசலில்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம்."

"பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் அர்த்தம். நீ பஸ்ஸ விட்டுடாத."

வீடு காலியானது. பெட்டிகளைப் பழைய இடத்துக்கு நகர்த்த அவருக்குக் கை வரவில்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டார். ஆனால் பழைய கம்பி அதுவரை எட்டவில்லை. கடையில் சுருளாகக் கிடந்த இரட்டைக் கம்பியில் நீளமாக இரண்டு துண்டு வெட்டி, முனைகளைச் சீவி, ஈயம் வைத்து மாட்டினார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அன்று அது போதுமானதாக இருந்தது.

பிறகு பாட்டைப் போட்டார்.

இரண்டு பெட்டிகளும் ஒரே குரலை ஒரே அளவில் தந்தால் காது ஏமாந்துபோகும். பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில், வெறும் சுவரின் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். வீட்டுச் சோதனையில் முதலில் பார்ப்பதே அதைத்தான். குரல் நடுவில் நிற்க வேண்டும். அன்று நிற்கவில்லை. இரண்டு காதோரமும் ஒட்டிக்கொண்டு, தலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் வந்தது. அடித்தொண்டைக் கனம் எங்கேயோ போய்விட்டிருந்தது. அவர் பாட்டை நிறுத்தினார். ஆச்சரியப்படவில்லை. இந்த வீட்டில் இனிமேல் எது எப்படிக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

கடையைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்தார். திறந்த வாரத்திலேயே ஹாரன் ஒரு ஜோடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வைத்த பெயர் அது. பஸ்ஸின் ஹாரன் கெட்டுப்போன நாளில் ஜன்னல் வழியே வாயாலேயே கத்தி வழி வாங்கினாராம். இப்போதும் மெதுவாகப் பேசுவது அவருக்குக் கைவராது.

"அண்ணே! என் பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள ரெடி பண்ணிக் குடுங்க. வந்தா இதத் தூக்கிக் கடாசிடுவா."

"என்ன செய்யுது?"

"என்ன செய்யல? அதக் கேளுங்க. கம்பளியப் போத்திட்டுப் பாடுது." சொல்லிவிட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் குரலை இறக்கினார். அவருக்கு அதுவே பெரிய காரியம். "அண்ணிய பத்தி கேள்விப்பட்டேண்ணே."

"ம்."

"சாப்பிடறீங்களா வேளைக்கு?"

"ம். பெட்டிய அந்த ஓரமா வைய்யா."

திறந்து பார்த்தால் எல்லாம் எதிர்பார்த்தபடிதான். கண்டன்சர்கள் காய்ந்திருந்தன. காயிலைப் பிடித்திருந்த பசை உலர்ந்து, சத்தம் கூடும்போது அது பலகையில் ஆடியது. இரண்டு இடத்தில் ஈயம் விண்டிருந்தது. புதுக் கண்டன்சர்களை அளந்து, இரண்டு பெட்டிக்கும் ஒத்துப்போகிற ஜோடியாகப் பொறுக்கிப் போட்டார். காயிலை ஒட்டினார். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். மூடுவதற்கு முன் ஒரு டார்ச் செல்லை எடுத்துப் பெட்டியின் பின்பக்கத் திருகுகளில் ஒரு கணம் தொட்டார். பிளஸ் பிளஸ்ஸிலும் மைனஸ் மைனஸிலும் பட்டால் பெரிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோன் முன்னால் துள்ளும். மாறிப்போயிருந்தால் உள்ளே இழுக்கும். இரண்டும் முன்னால்தான் துள்ளின. ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். கம்பளியைக் காணோம். வழக்கம்போல் சுத்தமான வேலை.

சாயங்காலம் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தக் கம்பியில் மாட்டினார். நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

குரல் நடுவில் இல்லை.

மறுநாள் பெட்டிகளைக் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்தார். எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். ஒரு கண்டன்சர் இம்மியளவு கூடுதல் என்று மாற்றினார். வீட்டுக்குக் கொண்டுவந்தார். இல்லை. இன்னொரு தடவை ரெசிஸ்டரை மாற்றினார். உள்ளே ஓடும் கம்பிகள் எல்லாவற்றையும் மாற்றினார். இல்லை. தன் சொந்தப் பெட்டிகளை மாட்டினார், அதிலும் இல்லை. வேறொருவருடைய ஜோடி, கோளாறே இல்லாமல் வெறும் முன்பக்கத் துணி மாற்ற வந்தது, அதையும் மாட்டிப் பார்த்தார். அதிலும் அதே கதை.

தொழில் தெரிந்தவர் செய்கிற மாதிரிதான் யோசித்தார். மூன்று ஜோடிப் பெட்டிகள், மூன்றும் வேறு வேறு. கோளாறு மட்டும் ஒன்று. அப்படியானால் மூன்றுக்கும் பொதுவாக இருப்பதில்தான் கோளாறு இருக்க வேண்டும். மூன்றுக்கும் பொது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

காது போய்விட்டது என்று முடிவு கட்டினார்.

இத்தனை வருஷம் அவளை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றதால், எப்போது போனது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எப்போதோ போயிருக்கலாம். இருந்ததா என்பதே சந்தேகமாகிவிட்டது. பாட்டு முடிந்த பிறகு அறையில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முன்பு அதற்கு 'சரி' என்று அர்த்தம். இப்போது சரியான பெட்டிக்கும் அதே மௌனம், தவறான பெட்டிக்கும் அதே மௌனம்.

ஃபிரேம் கடைக்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கண்ணாடித் தகடுகளை வைக்க இடமில்லாமல் நடைபாதையில் சாத்திவைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க கடைய விடறதா இருந்தா, வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க. நடுச்சுவத்த எடுத்துட்டா எனக்குத் தோதா இருக்கும்."

"சுவத்த எடுக்கறவரைக்கும் யோசிச்சாச்சா?"

"சும்மா தட்டிப் பாத்தேன். ஒத்தச் செங்கல்தான்."

"அதான் போன வாரம் டொக்கு டொக்குன்னு கேட்டுச்சா? நான் எலின்னு நெனச்சேன்."

"எலியா இருந்தா உங்ககிட்ட கேட்டுட்டா தட்டும்? நான் மரியாதப்பட்ட மனுஷன்ணே."

ஸ்பீக்கர்காரர் சிரித்துவிட்டார். சிரித்தது அவருக்கே அந்நியமாக இருந்தது. மாதக் கடைசியில் சொல்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். ஹாரனுடைய ஜோடியைக் கொடுத்துவிட்டால் கையில் வேறு வேலை இல்லை, கடையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

"இங்க வந்துடறீங்களா?" மகளின் குரல் சட்டென்று தெளிந்தது.

"காது கேக்கல கண்ணு. காது இல்லாதவனுக்கு எதுக்குக் கடை?"

"போன்ல நல்லாத்தானே கேக்குது?"

"பேச்சு கேக்குது. பாட்டுல ஆள் எங்க நிக்கறாங்கன்னு தெரிய மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட போங்க முதல்ல. மீட்டர் வச்சுப் பாக்காம ஒரு கண்டன்சர மாத்துவீங்களா? காத மட்டும் எப்படி நீங்களே முடிவு பண்றீங்க?"

மகள் சொன்னபடியே போனார்.

காது பரிசோதிக்கிற பெண்ணுக்கு மகளைவிடச் சின்ன வயது. கெட்டியான மெத்தை ஒட்டிய ஒரு சிறு அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவர் அந்த அறையின் சுவரை விரலால் அமுக்கிப் பார்த்தார். நல்ல அறை. இப்படி ஓர் அறையில் பெட்டிகளைப் போட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் முதல் சத்தத்தைக் கோட்டைவிட்டார்.

"சார், கவனிங்க."

"மன்னிச்சுக்கம்மா. திரும்பப் போடு."

முடிந்ததும் அவள் கோடு வரைந்த தாளைக் காட்டினாள். "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்லா இருக்கு சார். ரொம்பக் கீச்சுன்னு இருக்கற சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி. அது எல்லாருக்கும் அப்படித்தான். ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே மாதிரியா?"

"ஆமா. வலது, இடது வித்தியாசமே இல்ல."

"அப்ப நடுவுல ஏம்மா காணோம்?"

"எது சார் காணோம்?"

எப்படி விளக்குவது என்று தெரியாமல் எழுந்துகொண்டார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல துணைக்கு யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

காது சரி. அப்படியானால் கெட்டது காதுக்கும் உள்ளே இருக்கிற ஏதோ ஒன்று. அதை அளக்க மீட்டர் கிடையாது, மாற்ற உதிரிப்பாகமும் கிடையாது. வரும் வழியில் ஃபிரேம் கடையில் எட்டிப் பார்த்து, "எடுத்துக்கய்யா. இந்த ஜோடியக் குடுத்துட்டுச் சாவிய தர்றேன்" என்றார். ஃபிரேம் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்லாக வேண்டிய நேரம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரமில்லண்ணே" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாரன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அவ ஊர்லேர்ந்து கிளம்பிட்டா. ஆனது ஆகட்டும், ஆகாதது அப்படியே இருக்கட்டும். குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"வேலை முடிஞ்சுது. ஆனா சரியா இருக்கான்னு என்னால சொல்ல முடியாது. காது சரியில்ல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"காது சரியா இருக்குன்னு."

ஹாரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போடுங்க. நான் கேக்கறேன். பஸ்ஸுல இருபத்தஞ்சு வருஷம் பசங்க சத்தத்துல குளிச்ச காது இது. தேறுமான்னு பாப்போம்."

அவர் நாற்காலியைக் காட்டினார். காட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது. அதற்குள் ஹாரன் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் பழையபடி சமையலறைக் கதவோரம் போய் நின்று பாட்டைப் போட்டார்.

ஹாரன் கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, பாடறவரு எங்க?"

"என்னது?"

"இல்ல, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் எங்க இருக்காருன்னு பிடிபடல. பஸ்ஸுல பின்சீட்டுப் பசங்க கத்தற மாதிரி இருக்கு. எல்லாப் பக்கமிருந்தும் வருது, திரும்பிப் பாத்தா ஒருத்தனும் வாயத் தொறந்திருக்க மாட்டான்."

ஸ்பீக்கர்காரர் பாட்டை நிறுத்தினார்.

"உனக்கும் அப்படித்தான் கேக்குதா?"

"ஏண்ணே, வேற மாதிரி கேக்கணுமா?"

காது இல்லை. தலையும் இல்லை. பெட்டியும் இல்லை, அதை அவர் திறந்து திறந்து பார்த்தாயிற்று. இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் துள்ள வேண்டும். ஒன்று முன்னால் வரும்போது மற்றது பின்னால் போனால், ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது உறிஞ்சிக்கொள்ளும். கனம் காணாமல் போகும், குரல் நடுவை விட்டு ஓடிவிடும். இது அவருக்குத் தெரியாத சங்கதியா? இதற்காகத்தானே செல் வைத்துப் பார்ப்பது? பெட்டியின் பின்னால் தொட்டுப் பார்த்தார். அங்கே சரியாக இருந்தது. பெட்டிக்கு வந்து சேருகிற கம்பியில் பார்த்தாரா?

டார்ச்சைத் தேடி, மூடியைத் திருகி, செல்லை எடுத்தார். ஆம்ப்பிலிருந்து கம்பி முனைகளைக் கழற்றினார்.

"எழுந்திரிய்யா. அந்தப் பெட்டி முன்னாடி குனிஞ்சு நில்லு. பெரிய கோன் இருக்கு பாரு, அது எந்தப் பக்கம் அசையுதுன்னு சொல்லு."

"கடிக்காதே?"

"கடிச்சா சொல்லு."

அவர் செல்லைத் தொட்டார். "இப்ப?"

"ஆங்! முன்னால குதிச்சுதுண்ணே. டப்புன்னு."

"அடுத்ததுக்குப் போ." தொட்டார். "இப்ப?"

ஹாரன் இன்னும் கிட்டக் குனிந்தார்.

"என்னய்யா?"

"இன்னொரு தடவ வைங்க." வைத்தார். "அண்ணே, இவரு வெக்கப்படறாரு. உள்ள போறாரு."

ஸ்பீக்கர்காரர் செல்லைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார்.

அந்த இரட்டைக் கம்பியில் இரண்டுக்கும் ஒரே நிறம். ஒன்றின் மேல் மட்டும் மயிரிழை போல ஒரு மேடு ஓடும். அதை நகத்தால் தடவித்தான் பிளஸ் எது, மைனஸ் எது என்று பிரிக்க வேண்டும். நகம் தப்பலாம் என்பதால்தான் கடைசியில் செல் வைப்பது. கம்பியின் இந்த முனையில் ஒருவர் தொட வேண்டும். அந்த முனையில் ஒருவர் பார்க்க வேண்டும். இமைக்கிற நேரத்துத் துள்ளல் அது. தொட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. பழைய கம்பியைப் போட்ட அன்று பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். புதுக் கம்பியைப் போட்டபோது யாரும் நிற்கவில்லை. நகத்தை நம்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு முனைகளை மாற்றிச் செருகுகிற வேலை. தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பாட்டைப் போட்டார்.

"அடேங்கப்பா!" ஹாரன் வெறும் சுவரைக் கை நீட்டிக் காட்டினார். "வந்துட்டாருய்யா! அதோ நிக்கறாரு!"

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏண்ணே, உங்க வீட்டுக் கம்பில கோளாறு. அதுக்கு என் பெட்டிய எத்தன தடவ அறுத்துப் பாத்தீங்க! நீங்க மட்டும் டாக்டரா இருந்திருந்தா நாடு தாங்காதுண்ணே."

ஸ்பீக்கர்காரரும் சிரித்தார். பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைக்கக் கை கொடுத்தார். தெருமுனைவரை அந்தக் குரல் கேட்டது. வழியில் நின்ற ஒரு காரை ஹாரன் வாயாலேயே விலக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து தன் பெட்டிகளை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். குரல் நடுவில் நின்றது. அடித்தொண்டைக் கனம் முழுதாக இருந்தது. பாடுகிறவர் மூச்சு எடுப்பதுகூட அவர் எங்கே எடுக்கிறாரோ அங்கே கேட்டது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

இத்தனை நாள், பாட்டு கெட்டுப்போனது அவள் போனதால் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பில் ஒரு நியாயம் இருந்தது. வீடே அவளுக்காகக் கெட்டுப்போயிருக்கிறது, பாட்டும் கெட்டுப்போயிருக்கிறது, அதுதானே முறை என்றிருந்தது. கெட்டது கம்பி. கம்பி சரியாகிவிட்டது. அவள் இல்லாத அறையில் பாட்டு, அவள் இருந்தபோது கேட்டது போலவே, துளியும் குறையாமல் கேட்டது. அவரால் பாதிக்கு மேல் உட்கார முடியவில்லை.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். மகள் முதலில் சிரித்தாள்.

"அப்ப கடைய விடல."

"விடல. ஃபிரேம் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். எலிய வேற சுவத்தப் பாக்கச் சொல்லிட்டேன்."

"காது கெட்டிருந்தாத்தான் என்கிட்ட வந்திருப்பீங்க, இல்லப்பா?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். "வேலை செய்யற காத வச்சுக்கிட்டு அங்க வந்து என்ன கண்ணு பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருங்க."

"அது எனக்கு வராதே."

மகளுக்கு அது தெரியும். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அவரும் பேச்சை மாற்றினார். சிவப்பும் கறுப்புமாக நிறம் பிரித்த கம்பி வாங்கி, எல்லாவற்றையும் மாற்றப் போவதாகச் சொன்னார்.

"நிறம் இருந்தா அப்புறம் தப்பே வராதுல்ல?"

"நிறம் இருந்தாலும் செல் வச்சுப் பாக்காம விடமாட்டேன். ஒருதரம் பட்டாச்சு."

"அந்த முனையில யார் பாப்பாங்க?"

"அதான் யோசிக்கறேன். ஒவ்வொரு தரமும் ஹாரனக் கூப்பிட முடியாது. தெருவே கூடிடும்."

மகள் யோசித்தாள். "பெட்டி முன்னாடி உங்க போன நிக்க வச்சு வீடியோ ஓடவிடுங்க. நீங்க இந்தப் பக்கம் வந்து தொடுங்க. அப்புறம் போட்டுப் பாருங்க. எனக்கும் அனுப்புங்க, நானும் பாக்கறேன்."

நல்ல யோசனைதான். மறுநாள் புதுக் கம்பியைச் சுவரோரமாக ஓடவிட்டு, ஈயம் வைத்தார். போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து, கோன் தெரிகிறதா என்று பார்த்து, பொத்தானை அமுக்கினார். சமையலறைக் கதவோரம் போய்ச் செல்லைத் தொட்டார். திரும்பி வந்து போனை அடுத்த பெட்டிக்கு மாற்றி, மறுபடி போய்த் தொட்டார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோவைப் பார்த்தார். முதலில் கறுப்புக் கோன் மட்டும், அசையாமல். தூரத்தில் அவருடைய காலடிச் சத்தம். அது நின்றது. கோன் முன்னால் துள்ளியது. சரி.

அடுத்த கணம் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "பாத்தியா?"

அவருடைய குரல்தான். அப்படிக் கேட்டது அவருக்கு நினைவில்லை. வீடியோவில் அந்தக் குரல் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு காலடிச் சத்தம் திரும்பி வந்தது.

இரண்டாவது வீடியோவிலும் கோன் முன்னால் துள்ளியது. அதிலும் அவர் கேட்டிருந்தார்.

வெட்டி அனுப்ப அவருக்குத் தெரியாது. அப்படியே அனுப்பினார். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் உடனே வரவில்லை. அவர் வெட்டிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கினார், ஈயத் துளிகளைத் தரையிலிருந்து சுரண்டினார், கருவிகளைப் பையில் அடுக்கினார். கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது போன் அதிர்ந்தது.

"ரெண்டுமே முன்னாலதான் வருதுப்பா. நான் பாத்தேன்."